அக்கிலிஸ் தசைநாண் காயங்களைக் கண்டறிவது எப்படி: வரிசை மாறாத பரிசோதனை முறை

குதிகாலுக்கு மேலே வலி என்று ஒருவர் வந்து நின்றால், புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். தொட்டுப் பார்த்த கையோடு "டெண்டனைட்டிஸ்" (நாண் அழற்சி) என்று எழுதிவிடுகிறார்கள். இல்லையென்றால் ஸ்கேனுக்கு அனுப்பிவிட்டு அறிக்கைக்காகக் காத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் இருப்பது கெண்டைச் சதையைக் குதி எலும்போடு இணைக்கும் அக்கிலிஸ் தசைநாண் மட்டும் அல்ல. அதைச் சுற்றிய மெல்லிய உறை, முன்னும் பின்னும் திரவப்பைகள், ஒரு கொழுப்புத் திண்டு, எலும்போடு நாண் சேரும் பகுதி, மேலே தசையோடு சேரும் பகுதி என எல்லாம் நெருங்கிக் கிடக்கின்றன. எது அடிபட்டது என்பதைப் பொறுத்துச் சிகிச்சை மாறும்.

பிசியோதெரபி மாணவர்கள், விளையாட்டு வீரர்களை முதலில் பார்க்கும் பயிற்சியாளர்கள், இளம் மருத்துவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். தன் கால் வலிக்காக இதைப் படிப்பவர், டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம். தானே முடிவு செய்ய வேண்டாம். கெண்டைக்காலில் "பட்" என்று சத்தம் கேட்டு, அதற்குப் பிறகு முன்பாதத்தை ஊன்றி உந்த முடியவில்லை என்றால் படிப்பதை நிறுத்திவிட்டு, காலை ஊன்றாமல் இன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

வரிசை இதுதான்: முதலில் நாண் அறுந்திருக்கிறதா, அடுத்து எந்த இடம், அப்புறம் எந்தத் திசு, பிறகு எவ்வளவு சுமை தாங்கும், கடைசியில் தேவைப்பட்டால் ஸ்கேன். அறுந்த நாணோடு ஒருவரை ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்தி எம்பச் சொன்னால் நடப்பதைத் திருத்த முடியாது. அதனால்தான் சுமை இவ்வளவு பின்னால் வருகிறது.

1. தொடங்கும் முன்

கட்டில் ஒன்று வேண்டும்; குப்புறப் படுத்தால் இரண்டு பாதங்களும் விளிம்புக்கு வெளியே தாராளமாகத் தொங்க வேண்டும். அளவு நாடா, தோலில் எழுதும் பேனா, அனிச்சைச் செயல் பார்க்கும் சுத்தியல் இருந்தால் போதும்.

இரண்டு கால்களும் முழங்காலுக்கு மேல்வரை தெரிய வேண்டும், காலுறை கூடாது. பேன்ட்டைச் சுருட்டிவிட்டு, நாற்காலியில் உட்கார வைத்து ஒரு காலை மட்டும் பார்ப்பதுதான் நான் அதிகம் காணும் முதல் பிழை. இங்கே நீங்கள் காணப்போகும் எதற்கும் தனியாக அர்த்தம் கிடையாது. மறு காலோடு ஒப்பிட்டால்தான் அது தகவல்.

உடற்கூறில் சில விஷயங்களை நினைவில் வையுங்கள். கெண்டைச் சதையின் காஸ்ட்ராக்னீமியஸும் சோலியஸும் சேர்ந்து சுமார் 15 செ.மீ. நீளமுள்ள இந்த நாணாகின்றன. இதற்கு விரல் நாண்களுக்கு இருப்பது போன்ற திரவ உறை இல்லை. பாராடெனான் என்ற மெல்லிய உறைதான். குதி எலும்பில் சேரும் இடத்திலிருந்து 2 முதல் 6 செ.மீ. மேலே உள்ள பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைவு. பெரும்பாலான அறுதல்களும் தேய்வுகளும் அங்கேதான். உட்பக்கம் ஒட்டியபடி பிளான்டாரிஸ் என்ற மெல்லிய நாண் ஓடுகிறது. வெளிப்பக்கம் சூரல் நரம்பு. கடைசியில் சொன்ன இரண்டும் பரிசோதிப்பவரை ஏமாற்றக் கூடியவை.

2. கையை வைக்கும் முன் கேட்க வேண்டியவை

முதல் கேள்வி, எப்படித் தொடங்கியது? "யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி இருந்தது, திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை" என்று சொன்னால், மற்ற கேள்விகளைப் பிறகு வைத்துக்கொண்டு நேராக 3ஆம் படிக்குப் போங்கள். வலி குறைந்துவிட்டது என்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முழுதாக அறுந்த நாணில் முதல் வலி சீக்கிரமே தணிந்துவிடலாம். பாதி அறுந்ததும் உறை அழற்சியும் அதைவிட அதிகமாக வலிப்பதுண்டு.

மெல்ல மெல்ல வந்த வலி என்றால், காலையில் எழுந்து வைக்கும் முதல் சில அடிகள் எப்படி இருக்கின்றன என்று கேளுங்கள். இறுக்கம் இருந்து, நடக்க நடக்கத் தளர்ந்து, ஓடி முடித்த பிறகோ மறுநாளோ மறுபடி வலித்தால் அது நாண் தேய்வின் வழக்கமான போக்கு. அந்த இறுக்கம் அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் வேறு திசையில் யோசிக்க வேண்டும்; 8ஆம் படியில் வருகிறது. வலி தொடங்கியதற்கு முந்தைய வாரங்களில் ஓடும் தூரம், வேகம், மேடு, செருப்பு எது மாறியது என்பதையும் கேளுங்கள்.

மருந்து பற்றிய கேள்வியைப் பலர் சரியாகக் கேட்பதில்லை. "ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்றால் "இல்லை" என்றுதான் பதில் வரும், ஏனென்றால் முடிந்துபோன கோர்ஸ் யாருக்கும் நினைவில் இருக்காது. "கடந்த சில மாதங்களில் சிறுநீர்த் தொற்றுக்கோ, சளி, நெஞ்சுத் தொற்றுக்கோ ஆன்டிபயாடிக் எடுத்தீர்களா?" என்று கேளுங்கள். சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் போன்ற ஃப்ளூரோகுவினலோன் வகை மருந்துகள் நாணைப் பாதிக்கும். சில நாட்களிலேயே தொடங்கலாம், மருந்தை நிறுத்திச் சில மாதங்கள் கழித்தும் வரலாம். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2008இலேயே இதற்குக் கட்டமிட்ட எச்சரிக்கை கொடுத்தது. 60 வயதைத் தாண்டியவர், ஸ்டீராய்டு எடுப்பவர், உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர் என்றால் ஆபத்து இன்னும் கூடும். குதிகால் அருகே ஸ்டீராய்டு ஊசி போட்டதுண்டா என்றும் கேட்டு எழுதுங்கள்.

சர்க்கரை நோய், யூரிக் அமிலம், சோரியாசிஸ், குடும்பத்தில் இளம் வயது மாரடைப்பு அல்லது அதிக கொலஸ்ட்ரால் ஆகியவை குதிகாலுக்குச் சம்பந்தமில்லாதவை போலத் தோன்றும். சம்பந்தம் உண்டு.

3. அறுந்திருக்கிறதா?

திடீரென வந்த எந்த வலியிலும் இதுதான் முதல் கைப்பரிசோதனை. வந்தவர் நடந்தே வந்திருந்தாலும் விடக் கூடாது. அறுந்த நாண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று முதல் பரிசோதனையில் தவறிப்போவதாக மருத்துவ இலக்கியம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. தவறுவதற்கான காரணமும் பெரும்பாலும் ஒன்றேதான்: "பாதத்தைக் கீழே அழுத்த முடிகிறதே!"

முடியும். பின் டிபியாலிஸ், பெருவிரலையும் மற்ற விரல்களையும் மடக்கும் ஆழத் தசைகள், பெரோனியல் தசைகள் எல்லாம் சேர்ந்து பாதத்தைக் கீழ்நோக்கி அசைக்கும். படுத்த நிலையில் உங்கள் உள்ளங்கையைக்கூடக் கொஞ்சம் தள்ளும். ஒற்றைக் காலில் உடல் எடையைத் தூக்கத்தான் அவற்றால் முடியாது. ஆகவே அசைவு இருப்பது எதையும் நிரூபிக்கவில்லை.

குப்புறப் படுக்க வையுங்கள், பாதங்கள் விளிம்புக்கு வெளியே. தொடுவதற்கு முன் சும்மா பாருங்கள். நல்ல பாதம் கெண்டைச் சதையின் இழுவையால் சற்றே கீழ்நோக்கி, அதாவது உள்ளங்கால் பக்கமாக, நீண்டு நிற்கும். அறுந்த பக்கத்துப் பாதம் அந்த இழுவை இல்லாமல், தரையை நோக்கி நேராகத் தொங்கும். இந்த வித்தியாசம் தெரிய சில விநாடிகள் போதும். ஆனால் உடனே கையை வைப்பவர்களின் கண்ணில் இது படுவதே இல்லை.

அடுத்து தாம்சன் சோதனை. கெண்டைச் சதையின் மிகப் பருத்த இடத்துக்குச் சற்றே கீழே, இரு பக்கமும் பிடித்துப் பிழியுங்கள். நாண் முழுதாக இருந்தால் பாதம் கீழ்நோக்கி அசையும். முதலில் நல்ல காலில் செய்யுங்கள். எவ்வளவு அசைவு இவருக்கு இயல்பு என்று உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். "அசைந்ததா, இல்லையா" என்று பார்ப்பதைவிட "அந்தக் காலைவிடக் குறைவா" என்று பார்ப்பது சரி. பிளான்டாரிஸ் மட்டும் அறாமல் இருந்தாலும், ஆழத் தசைகளையும் சேர்த்துப் பிழிந்தாலும் சிறிய அசைவு வரும்.

அப்படியே படுத்த நிலையில் இரண்டு முழங்கால்களையும் 90 டிகிரி மடக்கச் சொல்லுங்கள். இது மேட்லஸ் சோதனை. நல்ல பாதம் கொஞ்சம் மேல்நோக்கி நீண்டே இருக்கும். அறுந்த பக்கம் கிடைமட்டமாகவோ முழங்கால் பக்கமாகச் சரிந்தோ நிற்கும். வலியால் பிழிய விடாதவரிடம் இது மிகவும் உதவும்.

கடைசியாகத்தான் விரலால் குழியைத் தேட வேண்டும். மூன்றிலும் நம்பகம் குறைந்தது இதுவே. அறுந்த சில மணி நேரத்திலேயே ரத்தம் கட்டி, வீங்கிக் குழி நிரம்பிவிடும். உட்பக்கம் பிளான்டாரிஸ் கயிறு போல விரலில் தட்டுப்பட்டு, "நாண் முழுசாகத்தான் இருக்கிறது" என்று நினைக்க வைக்கும். குழி இருந்தால் அது வலுவான சான்று. இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

அமெரிக்க எலும்பியல் அறுவை மருத்துவர்கள் கழகத்தின் 2009ஆம் ஆண்டு வழிகாட்டுதல், பிழியும் சோதனை, கீழ்நோக்கி அழுத்தும் வலு குறைதல், தட்டுப்படும் குழி, மெதுவாக மடக்கும்போது பாதம் வழக்கத்தைவிட அதிகமாக மேலே வருதல் ஆகிய நான்கில் இரண்டு இருந்தாலே போதும் என்கிறது. எம்.ஆர்.ஐ.க்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

அறுந்தது என்று தெரிந்தால் பரிசோதனையை அங்கேயே நிறுத்துங்கள். முன்பாதம் கீழ்நோக்கி நீண்ட நிலையில் ஸ்பிளின்ட் (அசையாமல் தாங்கும் கட்டு) கட்டி, ஊன்ற விடாமல், அன்றே எலும்பு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். "எவ்வளவு தூரம் மடங்குகிறது பார்க்கலாம்" என்று பாதத்தை மேலே தள்ளினால் அறுந்த முனைகள் இன்னும் விலகும்.

பழைய அறுதல் வேறு மாதிரி. நான்கு முதல் ஆறு வாரம் தாண்டியிருந்தால் இடைவெளியில் வடுத்திசு வளர்ந்து, பிழியும் சோதனை குழப்பமான பதில் தரும். அப்போது கெண்டைச் சதை மெலிந்திருப்பதையும், பாதம் அதிகமாக மேலே மடங்குவதையும், நடையில் உந்தல் இல்லாததையும் சேர்த்துப் பாருங்கள். "சுளுக்கு என்று சொன்னார்கள், மாடிப்படிதான் இன்னும் ஏற முடியவில்லை" என்று பல வாரம் கழித்து வருபவரிடம் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

4. நிற்க வைத்துப் பின்னாலிருந்து பார்த்தல்

அறுதல் இல்லை என்று தெரிந்த பிறகு எழுப்பி நிற்க வையுங்கள். நாணின் இரு ஓரக் கோடுகளும் நேராக இருக்கின்றனவா, நடுவில் கதிர் போலப் பருத்திருக்கிறதா, குதி எலும்பின் மேல்மூலையில் புடைப்பு உண்டா என்று பாருங்கள். முழங்காலுக்குக் கீழே ஒரே தூரத்தில் இரண்டு கெண்டைக்கால்களின் சுற்றளவையும் எடுங்கள். இரண்டு நாண்களும் ஒரே மாதிரி தடித்து, வலி மட்டும் குறைவாக இருந்தால் காயம் என்று எண்ணாமல் கொலஸ்ட்ரால் பரிசோதனைக்கு அனுப்புங்கள். பரம்பரைக் கொலஸ்ட்ரால் கோளாறில் நாணில் கொழுப்புப் படிவது உண்டு.

5. இடத்தை விரலால் கண்டுபிடித்தல்

வந்தவரிடம் "ஒரே விரலால் காட்டுங்கள்" என்று சொல்லுங்கள். முழுக் கையால் தடவிக் காட்டினால் மறுபடி கேளுங்கள். நாண் தேய்வு உள்ளவர் பொதுவாகத் துல்லியமாகக் காட்டிவிடுவார். காட்ட முடியாமல் பாதம் முழுக்க, கால் முழுக்க என்று சொல்பவருக்கு நரம்பையோ முதுகையோ பார்க்க வேண்டியிருக்கலாம்.

அடுத்து, குதி எலும்பில் நாண் சேரும் இடத்தைத் தொட்டுத் தோலில் ஒரு கோடு போடுங்கள். அதிலிருந்து வலிக்கும் புள்ளிவரை நாடாவால் அளந்து பாருங்கள். 2 செ.மீ.க்குள் என்றால் நாண் சேருமிடப் பிரச்சினை. 2 முதல் 6 செ.மீ. என்றால் நடுப்பகுதி. அதற்கும் மேலே போய்க் கெண்டைச் சதையின் உட்பக்கம் என்றால் தசை கிழிந்திருக்கலாம். "குதிகாலுக்கு மேலே வலி" என்று எழுதுவதைவிட "4 செ.மீ." என்று எழுதுங்கள். இந்த ஒரு எண் உடற்பயிற்சியையே மாற்றிவிடும். சேருமிட வலி உள்ளவரைப் படி விளிம்பில் நிறுத்திக் குதிகாலைக் கீழே இறக்கச் சொன்னால் நாண் எலும்பின் மீது அழுந்தி வலி கூடும். நடுப்பகுதிக்காரருக்கு அதே பயிற்சி நல்லது.

அழுத்தும் முறையிலும் கவனம் வேண்டும். பின்னாலிருந்து கட்டைவிரலால் குத்தாதீர்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாக இரு பக்கமும் பிடித்து, மேலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாக நகருங்கள். பின்னாலிருந்து அழுத்தினால் தோல், உறை, நாண், கொழுப்பு என்று எல்லாமே ஒன்றாக நசுங்கும், எது வலித்தது என்று தெரியாது. இறுக்கிப் பிடித்தால் நல்ல நாணும் வலிக்கும்; மறு காலில் அதே அழுத்தத்தைக் கொடுத்துப் பாருங்கள்.

6. எந்தத் திசு?

நடுப்பகுதியில் வீக்கம் தட்டுப்பட்டால், அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள். வீக்கமும் வலியும் விரலுக்குக் கீழே நகர்ந்தால் பிரச்சினை நாணுக்குள். நகராமல் அங்கேயே நின்றால் உறையில். உறை நாணோடு சேர்ந்து ஓடுவதில்லை என்பதுதான் இதன் அடிப்படை. புதிய உறை அழற்சியில் அசைக்கும்போது புதுத் தோல் செருப்பு நெரிவது போன்ற நறநறப்பு விரலில் தெரியும். ஒரு நாள் திடீரென்று நீண்ட தூரம் ஓடியவரிடம் அதிகம்.

இன்னொரு சோதனையும் உண்டு. பாதம் தளர்ந்த நிலையில் அதிகம் வலிக்கும் புள்ளியைக் கண்டுபிடித்து, பாதத்தை மேலே மடக்கச் சொல்லி அதே புள்ளியை மறுபடி அழுத்துங்கள். நாண் தேய்வில் வலி குறையும் அல்லது மறையும். இதற்கு ராயல் லண்டன் மருத்துவமனை சோதனை என்று பெயர். இந்தச் சோதனைகள் எதுவும் தனியாகத் தீர்ப்புச் சொல்லாது; இரண்டு ஒரே பக்கம் காட்டினால் நம்பலாம்.

சேருமிடத்தில் வலி என்றால் மூன்றைப் பிரிக்க வேண்டும். நாணுக்கு முன்னால், அதற்கும் எலும்புக்கும் நடுவே உள்ள திரவப்பை அழன்றிருந்தால், நாணுக்கு முன்புறமுள்ள பள்ளத்தில் இரு விரல்களால் பக்கவாட்டில் அழுத்தும்போது வலிக்கும். நாணின் பின்புறத்தைத் தொட்டால் அவ்வளவு வலிக்காது. தோலுக்கும் நாணுக்கும் நடுவே உள்ள பை என்றால் மேலாகவே சிவந்து, மெத்தென்று, ஷூவின் பின்விளிம்பு படும் இடத்தில் இருக்கும்; வெறுங்காலோடு நடந்தால் வலி இருக்காது. எலும்போடு நாண் ஒட்டும் அந்தப் புள்ளியிலேயே பின்னாலிருந்து கடுமையாக வலித்தால் சேருமிடத் தேய்வு. நடைமுறையில் முதலாவதும் மூன்றாவதும் அடிக்கடி சேர்ந்தே வரும், ஒன்றை மட்டும் எழுதிவிட்டு நிம்மதியாக இருக்க வேண்டாம்.

வலி உட்பக்கத்தில் மட்டும் என்றால் பிளான்டாரிஸ் உரசுகிறதா என்று யோசியுங்கள். பகுதி கிழிசலைக் கையால் மட்டும் தேய்விலிருந்து பிரிப்பது கடினம். தேய்வுள்ள நாணில் ஒரு குறிப்பிட்ட கணத்தில் சுருக்கென்று வலி வந்து, அன்றிலிருந்து வலு குறைந்தது என்றால் அப்படிச் சந்தேகித்து ஸ்கேனுக்கு அனுப்புங்கள்.

7. சுமை கொடுத்துப் பார்த்தல்

இரு கால்களில் எம்புதல், பிறகு ஒற்றைக் காலில், பிறகு ஒற்றைக் காலில் குதித்தல். ஒவ்வொன்றிலும் வலி எங்கே வந்தது, பத்தில் எவ்வளவு என்று கேளுங்கள். வலியில்லாமல் முடிந்தால்தான் அடுத்தது.

ஒற்றைக் காலில் எம்பும்போது எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள், உயரத்தையும் பாருங்கள். வலுக் குறைந்தவர் முழங்காலை மடக்கியும் சுவரைத் தள்ளியும் எண்ணிக்கையைக் காட்டிவிடுவார். வலியே இல்லாமல் எம்ப முடியவில்லை என்றால் 3ஆம் படிக்குத் திரும்புங்கள். அதுவும் சரியாக இருந்தால் முதுகிலிருந்து வரும் எஸ்1 நரம்பைப் பாருங்கள். கணுக்கால் அனிச்சை குறைந்திருக்கும், அதற்குத்தான் சுத்தியல்.

8. நாண் போலத் தோன்றுபவை

இவற்றில் முதலாவதைத் தவறவிட்டால் உயிருக்கே ஆபத்து: ஆழ்சிரை ரத்தக்கட்டு. கெண்டைக்கால் முழுக்க வீக்கம், சூடு, சமீபத்தில் அறுவை சிகிச்சை அல்லது கால் கட்டு, நீண்ட நேர அசையாமை இருந்தால் எந்தச் சோதனையும் வேண்டாம், உடனே டாப்ளர் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்டு). பாதத்தை மடக்கி வலி வருகிறதா என்று பார்க்கும் பழைய ஹோமன்ஸ் சோதனையை நம்பாதீர்கள். அறுந்த நாணுக்குக் கட்டுப் போட்டவரிடமும் பின்னாளில் இது வரலாம்.

கெண்டைச் சதையின் உட்தலை கிழிந்தாலும் "பட்" சத்தம் வரும், ஆனால் வலி கெண்டையின் நடுவில் இருக்கும், பிழிந்தால் பாதம் அசையும். பாதத்தைக் கீழ்நோக்கி வேகமாக அழுத்தும்போது கணுக்காலின் ஆழத்தில் வலி என்றால் பின்புற எலும்பு நெருக்கம். பெருவிரலை அசைத்தால் வலி கூடினால் அதை மடக்கும் நாண்.

சுமார் 8 முதல் 14 வயதுப் பிள்ளைகளின் குதிவலிக்கு நாண் காரணமாவது அரிது. வளர்ச்சித் தட்டில்தான் கோளாறு; குதி எலும்பை இரு பக்கமும் சேர்த்து அமுக்கினால் வலிக்கும்.

இளைஞர் ஒருவருக்கு இரண்டு குதிகாலும் வலித்து, காலை இறுக்கம் நீண்டு, முதுகும் விடியற்காலையில் பிடித்துக்கொண்டால் மூட்டுவாத மருத்துவரிடம் அனுப்புங்கள். நாணுக்கு எத்தனை பயிற்சி கொடுத்தாலும் அந்த வலி அடங்காது.

9. ஸ்கேன், கடைசியில்

இவ்வளவும் முடித்த பிறகு உங்களிடம் ஒரு கேள்வி இருக்க வேண்டும். அந்தக் கேள்விக்குத்தான் ஸ்கேன். வலியே இல்லாதவர்களின் நாண்களிலும் தடிப்பும் கரும்பகுதிகளும் தெரிவதுண்டு. படத்தை முதலில் பார்த்தவர், அதில் கண்டதையே நோய் என்று எண்ணிக்கொள்வார்.

பக்கவாட்டு எக்ஸ்ரே, குதி எலும்பு பெயர்ந்திருக்கிறதா, மேல்மூலை புடைத்திருக்கிறதா, நாணில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்று சொல்லும். அல்ட்ராசவுண்டு இந்த இடத்துக்கு மிகப் பொருத்தம், ஏனென்றால் பாதத்தை அசைத்துக்கொண்டே பார்க்கலாம், மறு காலோடு ஒப்பிடலாம். கருவி நாணுக்குச் செங்குத்தாக இல்லாவிட்டால் நல்ல நாணும் கறுப்பாகத் தெரியும். புதிய ரத்தக்குழாய்களை டாப்ளரில் தேடும்போது பாதம் தளர்ந்திருக்க வேண்டும். இழுத்துப் பிடித்தால் ஓட்டம் மறைந்து "ஒன்றுமில்லை" என்று அறிக்கை வரும். எம்.ஆர்.ஐ. தேவைப்படுவது பழைய அறுதல், பகுதி கிழிசல், அறுவைக்கு முந்தைய திட்டம் ஆகியவற்றுக்கு.

10. எழுதி வைத்தல்

"அக்கிலிஸ் வலி" என்று எழுதாதீர்கள். இப்படி எழுதுங்கள்: "வலது, சேருமிடத்திலிருந்து 4 செ.மீ., நாண் தேய்வு, வீக்கம் நாணோடு நகர்கிறது, தாம்சனில் இரு பக்கமும் சமம், ஒற்றைக் கால் எம்புதலில் வலி பத்துக்கு நான்கு, ஃப்ளூரோகுவினலோன் இல்லை." அடுத்து பார்ப்பவர் இதிலிருந்து தொடரலாம். எட்டுக் கேள்விகள் கொண்ட, 0 முதல் 100 வரை மதிப்பெண் தரும் விசா-ஏ வினாத்தாளை முதல் நாளே நிரப்பச் சொல்லுங்கள். தேய்வு மெதுவாகத்தான் ஆறும். மூன்று மாதம் கழித்து "ஒண்ணும் மாறல" என்று சொல்பவரிடம் காட்ட அந்த எண் தேவைப்படும்.

திடீர்க் காயத்தில் சோதனைகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால், அறுந்தது என்றே வைத்துக்கொண்டு பாதத்தைக் கீழ்நோக்கி நீட்டிக் கட்டுங்கள். அந்த வாரத்துக்குள் அல்ட்ராசவுண்டு எடுத்து, 3ஆம் படியை மறுபடி முதலிலிருந்து செய்யுங்கள்.